ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 மாசு விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. அதுவரை கார்புரேட்டரில் ஓடிய பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அதோடு, எரிபொருளைக் கணக்கிட்டு அழுத்தத்தில் தெளிக்கும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. கார்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டியே எம்.பி.எஃப்.ஐ. என்ற பெயரில் மாறிவிட்டன. டீசலில் பழைய பம்பும் நாசிலும் போய் காமன் ரெயில் வந்துவிட்டது. வண்டி வைத்திருப்பவர்களும் புதிதாக ஸ்கேனர் வாங்கிய மெக்கானிக்குகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். முதலில் பெட்ரோல், அப்புறம் டீசல்.

கார்புரேட்டரே நன்றாகத்தானே ஓடியது, எதற்கு மாற்றினார்கள்?

ஓடியது, இன்றும் ஓடும். குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோல் தானாக வரும். சென்சார் இல்லை, கரண்ட் வேண்டாம். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் டியூனிங் முடிந்தது.

ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக டியூன் செய்த கார்புரேட்டர், குன்னூர் தாண்டியதும் காற்றுக்கு மீறிப் பெட்ரோல் கொடுக்கும். பிளக் கறுக்கும், பிக்கப் மந்தமாகும். குளிர்கால விடியற்காலை, மே மாத மதியம், தேய்ந்த ஜெட், அழுக்கேறிய ஏர் ஃபில்டர் என்று எது மாறினாலும் கலவை கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும்.

ஓட்டுகிறவருக்கு இந்த நகர்வு பெரிதாகத் தெரியாது. சைலன்ஸருக்குள் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குத் தெரியும். மாற்றத்துக்கு உண்மையான காரணம் அதுதான். மைலேஜ் உயர்ந்தது கூடவே வந்த லாபம். விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லும்.

14.7 என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். வேதியியல் கணக்கு அவ்வளவே. ஆனால் எஞ்சினுக்கு அதிக பவர் கிடைப்பது இந்த விகிதத்தில் அல்ல, 12.5 முதல் 13 வரை, அதாவது பெட்ரோல் சற்று கூடுதலாக இருக்கும்போது. அதிக மைலேஜ் கிடைப்பதும் இதில் அல்ல, 15.5, 16 என்று காற்று கூடுதலாக இருக்கும்போது. அப்படியானால் இரண்டுமில்லாத நடுவில் போய் ஏன் நிற்க வேண்டும்?

கன்வெர்ட்டருக்காக. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் ஒழிக்க ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க அதனிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். கொடுப்பதும் பிடுங்குவதும் ஒரே டப்பாவுக்குள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். காற்று கொஞ்சம் கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிப் போகும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் மற்ற இரண்டும் தப்பிப் போகும். இந்த வரம்பின் அகலம் ஒரு சதவீதம் அளவுதான். இவ்வளவு துல்லியத்தை ஒரு ஜெட்டிடம் எதிர்பார்க்க முடியாது.

இது புதுத் தொழில்நுட்பமா?

இல்லை. அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களிலேயே எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்து, அன்றைய மின்னணு பாகங்கள் தாங்காமல் கைவிட்டது. போஷ் அந்த வழியில் தொடர்ந்து 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றிகரமாகப் பொருத்தியது. கலிபோர்னியாவின் மாசு விதிகள்தான் அதற்கும் உந்துதல். 1976-இல் வால்வோ கார்களில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. இன்று உங்கள் ஸ்கூட்டரில் நடப்பதன் அடிப்படை அப்போதே முடிவாகிவிட்டது.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. பஜாஜ் 2007-இல் பல்சர் 220-ஐ இன்ஜெக்‌ஷனோடு இறக்கியது. 2009-இல் அதே பைக்கைக் கார்புரேட்டரோடு மலிவாக விற்றது. சந்தையின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் நாம் இன்னும் சோக்கை இழுத்துக்கொண்டுதான் இருப்போம் என்பது என் எண்ணம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு பெட்ரோல் அடிக்கிறது?

110 சிசி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, 1,500 ஆர்.பி.எம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் நிமிடத்துக்கு 750 தடவை காற்றை இழுக்கும். விநாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருப்பதால் ஒவ்வொரு இழுப்பிலும் 0.04 கிராம் காற்று போகிறது என்று வையுங்கள். அதை 14.7-ஆல் வகுத்தால் 3 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு சொட்டுப் பெட்ரோல் சுமார் 37 மில்லிகிராம் இருக்கும். ஆக, ஒரே ஒரு சொட்டைப் பதின்மூன்று பங்காகப் பிரித்து, ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்துக்கு எஞ்சின் ஓடுகிறது. ஒவ்வொரு பங்கும் ஒரு சதவீதத் துல்லியத்தில் அமைய வேண்டும்.

இதற்கு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 2 மில்லி விநாடி. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும். அதனால் எவ்வளவு நேரம் திறக்கிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோல். நேரத்தைக் கூட்டினால் பெட்ரோல் கூடும், குறைத்தால் குறையும். வண்டியின் கணினியான இசியூவின் கையில் இருக்கும் கடிவாளம் அது ஒன்றுதான்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் கொடுத்தவுடன் இன்ஜெக்டரின் ஊசி எழும்பிவிடாது. காயிலில் காந்தம் உருவாக, ஸ்பிரிங்கை வென்று ஊசி நகர, சுமார் ஒரு மில்லி விநாடி வீணாகும். 2 மில்லி விநாடி வேலையில் ஒரு மில்லி விநாடி என்பது சின்ன விஷயமல்ல. பேட்டரி 14 வோல்ட் இருந்தால் ஊசி சீக்கிரம் எழும்பும். 9 வோல்ட்டுக்கு இறங்கினால் தாமதமாகும். அதனால் இசியூ ஒவ்வொரு தடவையும் பேட்டரி வோல்டேஜைப் பார்த்துவிட்டுத்தான் நேரத்தைக் கணக்கிடும். பேட்டரி படுத்துவிட்டால் எஃப்.ஐ. வண்டி, கிக்கர் இருந்தால்கூடச் சண்டித்தனம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பம்பும் இன்ஜெக்டரும் இசியூவும் அந்தக் கரண்டை நம்பியே இருக்கின்றன.

காற்றின் எடை இசியூவுக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு வழி உண்டு. பைக்குகளிலும் சில கார்களிலும் இன்டேக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் அளக்கும், காற்றின் வெப்பநிலையை இன்னொரு சென்சார் சொல்லும், ஆர்.பி.எம்.மும் சிலிண்டரின் கொள்ளளவும் தெரியும். இவற்றிலிருந்து எடையைக் கணக்கிட்டுவிடலாம். ஊட்டிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்தது, ஏனென்றால் அழுத்தம் குறைந்தால் கணக்கும் தானாகக் குறையும். மற்ற கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்து மாஃப் சென்சார் இருக்கும். சூடாக்கிய மெல்லிய கம்பி அல்லது தகட்டைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து எடையை நேரடியாகவே சொல்லிவிடும்.

எப்போது அடிப்பது என்பதை கிராங்க் சென்சார் சொல்கிறது. பல கார்களில் 60 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்தில் இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியூ கண்டுபிடித்துக்கொள்ளும். இந்த சென்சார் போனால் வண்டி ஓடாது. மற்றவை போனால் தட்டுத்தடுமாறியாவது வீடு சேரலாம்.

ஆக்சிஜன் சென்சாரின் வேலை என்ன?

மேலே சொன்னதெல்லாம் முன்கூட்டிய கணக்கு. கணக்கு சரியா என்று எரிந்த பிறகு பார்த்துச் சொல்வது சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். கண்ணளவில் உப்புப் போட்டுவிட்டுக் கொதித்ததும் ருசி பார்த்துச் சரிசெய்வது மாதிரி.

சாதாரண வகை சென்சார் ஏறத்தாழ 0.1 வோல்ட் காட்டினால் புகையில் ஆக்சிஜன் மிச்சம், 0.9 வோல்ட் காட்டினால் பெட்ரோல் மிச்சம். நடுவில் 0.45-ஐத் தாண்டும் இடம் செங்குத்தாக இருக்கும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்றெல்லாம் அது சொல்லாது. "கூட", "குறைய" என்ற இரண்டே பதில்கள். அதனால் இசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும். "குறைய" என்று பதில் வந்ததும் திருப்பிக் கூட்டும். 14.7-க்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் இயல்பான நிலை. கன்வெர்ட்டருக்குள் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு உபரி ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவைப்படும்போது விட்டு, இந்த ஆட்டத்தைச் சமன்செய்யும்.

சென்சாருக்கு 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் பலவற்றில் உள்ளேயே ஹீட்டர் இருக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஏன் அப்படி ஒரு பெட்ரோல் வாடை?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அடித்த பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட இசியூ கூடுதலாக அடிக்கும். ஆக்சிஜன் சென்சார் இன்னும் சூடாகவில்லை, கன்வெர்ட்டரும் வேலையைத் தொடங்க 250, 300 டிகிரி வேண்டும். கண்ணும் இல்லை, கையும் இல்லை என்ற நிலை. முழுப் பயணத்தில் வெளியேறும் ஹைட்ரோகார்பனில் பெரும்பகுதி இந்த முதல் ஓரிரு நிமிடங்களிலேயே போய்விடுகிறது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துச் சூடேற்றுவதைவிட, மெதுவாக ஓட்டத் தொடங்கிவிடுவது நல்லது.

சாவியைத் திருப்பியதும் டேங்க்கிலிருந்து "விர்ர்" என்று இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம் வரும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. அது அடங்கிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்.

ஸ்கேனரில் "ஃபியூவல் ட்ரிம்" என்று ஒரு எண் வருகிறது. அதை எப்படிப் படிப்பது?

ஒரு மெக்கானிக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் எண் இதுதான் என்பேன். முன்கூட்டிய கணக்குக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் சதவீதமாக வருகிறது. ஷார்ட் டேர்ம் ட்ரிம் அந்தந்த நொடியின் திருத்தம். அது ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் இசியூ அதைக் கற்றுக்கொண்டு லாங் டேர்ம் ட்ரிம்மில் பதிந்துவைக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் எங்கோ பிரச்சினை. 20, 25-ஐ ஒட்டினால் இசியூவின் கை எட்டாமல் போய் பி0171 என்ற பிழைக் குறியீட்டோடு செக் எஞ்சின் லைட் எரியும்.

மாஃப் சென்சார் உள்ள கார் ஒன்றில் ஐடிலில் +18, அப்படியே 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றிப் பிடித்தால் +3 என்று காட்டுகிறது என வைப்போம். சென்சாருக்கு அப்பால் ஒரு ஹோஸ் வெடித்தோ கேஸ்கெட் விட்டோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் கசிவின் பங்கு பெரிது. வேகம் ஏறினால் அதே கசிவு கரைந்துபோகும். இதையே திருப்பிப் போட்டு, ஐடிலில் +2, மேட்டில் இழுக்கும்போது +15 என்றால் பம்ப் சோர்ந்திருக்கிறது, ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மாஃப் சென்சாரில் அழுக்கு. இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்தது.

மேப் சென்சார் வண்டியில் இந்த முதல் கணக்கு பலிக்காது. அங்கே கசிந்து வரும் காற்றும் அழுத்தமாகி அளவில் சேர்ந்துவிடும். ட்ரிம் பெரிதாக நகராமல் ஐடில் மட்டும் ஏறி நிற்கும்.

இன்னொரு வில்லங்கம்: ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் சின்ன ஓட்டை. வெளிக்காற்று உள்ளே இழுபட, "பெட்ரோல் குறைய" என்று சென்சார் பொய் சொல்லும். இசியூ அதை நம்பிக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் சரிந்து, பிளக் கறுத்து, பழி இன்ஜெக்டர் மேல் விழும். சைலன்ஸர் வெல்டிங்குக்கு நூறு இருநூறு செலவழிப்பதற்குப் பதில் நான்கு இன்ஜெக்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜெக்டர் கிளீனிங் ஒவ்வொரு சர்வீஸிலும் தேவையா?

தேவையில்லை. ட்ரிம் சரியாக இருக்கிறது, மிஸ்ஸிங் இல்லை, ஐடில் ஆடவில்லை என்றால் எதைச் சுத்தம் செய்யப் போகிறோம்? த்ராட்டில் பாடியில் படியும் கரியைத் துடைப்பது உண்மையிலேயே பயன்தரும். செய்த பிறகு பல வண்டிகளில் ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமா?

காரில் அணையாமல் எரிந்தால் சமாளித்துப் போய்ச் சேரலாம். மின்னினால் ஓரங்கட்டுங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் பச்சைப் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். அது கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகும். காயிலோ பிளக்கோ மாற்றும் செலவோடு முடிய வேண்டியது பல மடங்காகிவிடும். சில பைக்குகளில் இதே லைட் மின்னும் எண்ணிக்கையை வைத்தே பிழைக் குறியீட்டைச் சொல்லும். அது வேறு விஷயம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். எஃப்.ஐ. வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால், ஆர்.பி.எம். ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை இசியூ இன்ஜெக்டரை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலுக்குப் போனால் எஞ்சினை ஐடிலில் உயிரோடு வைக்க மறுபடி பெட்ரோல் அடிக்க ஆரம்பிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்து பிரேக்கையும் எரிக்கிறார்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்தது. இசியூ சரிசெய்யாதா?

கலவையைச் சரிசெய்யும், எத்தனாலில் இல்லாத சக்தியை எங்கிருந்து கொண்டுவரும்? எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய ஒன்பது பங்கு காற்று போதும். இருபது சதவீதம் கலந்தால் 14.7 என்பது ஏறத்தாழ 13.5 ஆகிவிடும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து ட்ரிம்மை உயர்த்தும். இ10-லிருந்து இ20-க்கு மாற நான்கைந்து சதவீதம் கூட்டினால் போதும் என்பதால் இசியூவுக்கு அது எளிய வேலை. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ10-க்கு டியூன் செய்த நான்கு சக்கர வண்டிகளில் இ20 ஊற்றினால் ஆறேழு சதவீதமும், இருசக்கர வண்டிகளில் மூன்று நான்கு சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் வெளியான நிதி ஆயோக் நிபுணர் குழு அறிக்கையே சொன்னது.

ஆக்சிஜன் சென்சார் இல்லாத கார்புரேட்டர் வண்டியில் இந்தத் திருத்தமும் கிடையாது. கலவை காற்றுப் பக்கம் சாய்ந்தே ஓடும். ரப்பர் ஹோஸ், சீல் சங்கதி தனி.

ரிசர்விலேயே ஓட்டினால் என்ன?

பம்ப் டேங்க்குக்குள் மூழ்கியிருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதாவது பரவாயில்லை. மாதம் முழுக்க வேண்டாம்.

ஜி.டி.ஐ. என்றால்?

வால்வுக்கு முன்னால் அல்லாமல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே அடிப்பது. அழுத்தம் 3 பார் இல்லை. 200, 350 பார். உள்ளே ஆவியாகும் பெட்ரோல் காற்றைக் குளிர்விப்பதால் நாக்கிங் (கலவை நேரம்தவறித் தானே வெடிப்பது) குறையும், கம்ப்ரெஷனை ஏற்றலாம், சின்ன டர்போ எஞ்சினிலிருந்து பெரிய பவர் எடுக்கலாம். விலை: கலக்க நேரம் போதாமல் நுண்கரி வரும். ஜி.டி.ஐ. கார்களில் கரித்துகள்களை எடைபோடுவதோடு நில்லாமல் எண்ணியும் பார்க்க வேண்டும் என்று பி.எஸ்.6 சொல்வது அதனால்தான். இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாததால் அங்கே கரி படிவது இன்னொரு தலைவலி.

சரி, டீசலில் என்ன வித்தியாசம்?

பெட்ரோலில் முழுக் கவலையும் அளவைப் பற்றியது. டீசலில் அளவைவிட நேரமும் அழுத்தமும் முக்கியம். காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கும், ஸ்பார்க் கிடையாது, அழுத்திச் சூடான காற்றுக்குள் டீசலை அடித்தால் தானே பற்றிக்கொள்ளும். எந்த நொடியில், எவ்வளவு நுண்ணிய பனியாக, எத்தனை தவணையாக அடிக்கிறோம் என்பதுதான் சத்தத்தையும் புகையையும் மைலேஜையும் தீர்மானிக்கிறது.

பழைய பம்பில் கேம் உயரும்போது மட்டுமே அழுத்தம் வரும். நாசில் 200 பாரை ஒட்டித் திறக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் குறைவு. டவுன் பஸ் நின்று கிளம்பும்போது வரும் கரும்புகையை நினைத்துப் பாருங்கள். காமன் ரெயிலில் பம்ப் தன் பாட்டுக்கு ஒரு தடித்த குழாயில் டீசலை அழுத்தி நிரப்பிவைக்கும். எப்போது திறப்பது என்பதை இசியூ முடிவுசெய்யும். அழுத்தமும் நேரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததுதான் இதன் சாரம். டென்சோ 1995-இல் ஹினோ லாரியிலும், போஷ் 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரிலும் இதைக் கொண்டுவந்தன. காரில் அன்று 1,350 பார். இன்று 2,000-க்கு மேல். நாசில் துளை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவு.

புது டீசல் கார்களில் அந்தக் கடகட சத்தம் எங்கே போனது?

டீசல் அடித்தவுடன் பற்றாது. ஒரு சின்னத் தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே அடியாக வெடிப்பதுதான் அந்தச் சத்தம். இப்போது முதலில் ஒரு துளி, ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர், பைலட்டாக அடிப்பார்கள். அது எரிந்து உள்ளே சூடேறிய பிறகு மெயின் அடிக்கும்போது தாமதமே இருக்காது. வந்ததும் சீராக எரியும். ஒரு சுற்றுக்கு ஐந்து தவணைவரை பிரிக்கும் எஞ்சின்கள் உண்டு.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் கரி கூடும் என்கிறார்களே?

டீசல் பொறியாளர்களின் தீராத வழக்கு அது. சீக்கிரமே அடித்தால் நன்றாக எரியும், மைலேஜ் கிடைக்கும், கரி குறையும். ஆனால் உள்ளே சூடு எகிறி, காற்றில் உள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். தாமதமாக அடித்தாலோ, ஈ.ஜி.ஆர். வழியாகக் கொஞ்சம் புகையைத் திருப்பி உள்ளே விட்டுச் சூட்டைத் தணித்தாலோ நைட்ரஜன் ஆக்சைடு குறையும்; கரி கூடும். அழுத்தத்தை உயர்த்துவது இந்த இழுபறியைக் கொஞ்சம் தளர்த்தும், முழுக்கத் தீர்க்காது. பி.எஸ்.4 டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம், துகள் 25 மில்லிகிராம். பி.எஸ்.6 அவற்றை 80, 4.5 என்று ஆக்கியது. இன்ஜெக்‌ஷனால் மட்டும் அங்கே போக முடியாது. அதனால்தான் கரிக்கு டி.பி.எஃப். என்ற ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடுக்கு யூரியா கரைசலில் இயங்கும் கன்வெர்ட்டர் அல்லது வேறு வகைக் கன்வெர்ட்டர். அவை கெடாமலிருக்க எரிபொருளில் கந்தகத்தையும் 50-லிருந்து 10 பி.பி.எம்.முக்கு இறக்கினார்கள்.

டி.பி.எஃப். லைட் அடிக்கடி வருகிறது, வண்டியில் என்ன குறை?

பெரும்பாலும் வண்டியில் இல்லை. ஓட்டும் தூரத்தில் இருக்கிறது. ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காக இசியூ பவர் ஸ்ட்ரோக் முடியும் கட்டத்தில் கூடுதலாக டீசல் அடிக்கும். அது சிலிண்டரில் எரிவதற்கல்ல, வெளியே போய் எரிவதற்கு. பைபாஸில் இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். தினமும் பள்ளிக்கூடம், கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உடனே ஆயிலை மாற்றுங்கள். ஓட்டமே நகருக்குள்தான் என்றால் டீசல் வாங்காதீர்கள்.

வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

வேண்டாம். வண்டிக்கு வேண்டியது 32.5 சதவீதக் கரைசல், தாது நீக்கிய தண்ணீரில். உர யூரியாவில் இருக்கும் மற்ற பொருள்கள் நாசிலை அடைத்து, கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்துவோமே?

பழைய பம்ப் வண்டியோடு அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலை எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு சந்தேகம் என்றால் கையால் தடவாமல் அட்டையை நீட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் பார்க்க ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவு வரும். ரிட்டர்ன் குழாய்களில் ஆளுக்கொரு பாட்டில் மாட்டி, எது அதிகம் நிரம்புகிறது என்று பார்த்தாலே தேய்ந்தது எது என்று தெரிந்துவிடும்.

இன்ஜெக்டர் மாற்றியும் வண்டி உதறுகிறது, ஏன்?

இன்ஜெக்டரின் தலையில் அச்சடித்திருக்கும் குறியீட்டை இசியூவில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஒரே வார்ப்பில் வந்த இரண்டு இன்ஜெக்டர்கூட ஒரே அளவு அடிக்காது. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் அளந்து அந்த வித்தியாசத்தைக் குறியீடாக எழுதி அனுப்புகிறார்கள். ஏற்றாவிட்டால் பழையதின் திருத்தமே புதியதற்கும் போகும். பாகங்களுக்கு இடையே மைக்ரான் கணக்கில் இடைவெளி என்பதால், டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் முதலில் பலியாவது இதுதான். டீசல் ஃபில்டரில் கைவைத்து மிச்சம்பிடிக்காதீர்கள்.

புகை சோதனையில் பாஸ் ஆனால் வண்டி சுத்தம்தானே?

ஓரளவுக்கு. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலில் புகையின் அடர்த்தியும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. நின்ற வண்டியில் எடுக்கும் அளவு, ஓடும் வண்டியைப் பற்றி முழுதாகச் சொல்லவும் முடியாது.

இதன் உச்சகட்டம் 2015 செப்டம்பரில் வெளியே வந்தது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் இசியூ, ஸ்டியரிங் அசைவு, வேகம், ஓடிய நேரம் ஆகியவற்றை வைத்து "இப்போது சோதனை நடக்கிறது" என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல் 40 மடங்குவரை போனதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொன்னது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். அதே பாகங்கள், அதே இன்ஜெக்டர். மாறியது மென்பொருள் மட்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் கார்களுக்குச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனையும் சேர்ந்திருக்கிறது.

ரீமேப் (இசியூவின் மென்பொருளை மாற்றுவது) செய்தால் பவரும் மைலேஜும் சேர்ந்தே ஏறும் என்கிறார்கள். செய்யலாமா?

டர்போ டீசலில் பவர் ஏறும், சந்தேகமில்லை. கம்பெனி விட்டுவைத்த ஓரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஓரம் கோடை வெயில், கலப்பட டீசல், முழு லோடு, வயதான டர்போ எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்டது. மைலேஜ் ஏறுவதாகச் சொல்வதில் பெரும்பங்கு இன்ஜெக்‌ஷனை முன்னுக்குத் தள்ளி, ஈ.ஜி.ஆர்.ஐ மூடுவதால் வருவது. நைட்ரஜன் ஆக்சைடு எங்கே போகும் என்று மேலேயே பார்த்தோம். சாதாரணப் பெட்ரோல் பைக்கில் இன்னும் வேடிக்கை: ஆக்சிஜன் சென்சாருக்குப் பதில் ஒரு பொய் சிக்னல் பெட்டி மாட்டி, பெட்ரோலைக் கூட்டிவிட்டு, "பிக்கப் வந்துவிட்டது பாருங்கள்" என்பார்கள். வரும்தான், 13-க்குப் போனால் பவர் கூடும் என்பது தெரிந்ததே. கன்வெர்ட்டர் மட்டும் சில மாதங்களில் கரியேறித் திணறும். வாரன்டி போகும். ஸ்கூட்டர் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுப்பதைவிட, நல்ல டயர் இரண்டு போடுங்கள்.